சாரலும் என் பரட்டைத் தலையும்

போன தடவை ஏலச்சீட்டு பற்றி எழுதினேன். அதற்கு முந்தின தடவை பாட்டுக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படிக்கலாமா என்று எழுதினேன். இந்தத் தடவை தலைமுடி. "பி.காம். படிக்கிற பிள்ளைக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் கணக்கு இருக்கிறது, காசு இருக்கிறது, கொஞ்சம் அழுகையும் இருக்கிறது.

எங்கள் ஊர் தென்காசி. இங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று அடிக்க ஆரம்பிக்கும். வெயில் அடிக்கும்போதே மேலே பொடிப்பொடியாகத் தூறும். அதுதான் சாரல். வெளியூர்க்காரர்கள் அதை அனுபவிக்க வேன் பிடித்து வருவார்கள். எங்கள் வீட்டிலோ கொடியில் போட்ட துணி மூன்று நாள் காயாது, உப்பு ஜாடிக்குள் தண்ணீர் விடும், அப்பளம் நமத்துப் போகும். என் தலை மட்டும் கிளம்பி எழுந்து நிற்கும்.

என் முடி கோரை முடியும் இல்லை, சுருட்டை முடியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அலை அலையாக இருக்கும். நம் ஊர்ப் பேச்சில் நேராக விழும் முடிக்கு 'கோரை முடி' என்று பெயர் இருக்கிறது, சுருண்டதற்கு 'சுருட்டை' என்று பெயர் இருக்கிறது. நடுவில் இருப்பதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் இருக்கும் ஒரே பெயர் 'பரட்டை'. அது பெயரா திட்டா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிக்கு அந்தப் பெயர்தான். அவருக்கு அது பெருமையாகப் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வைத்தபோது அப்படிப் போகவில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வருடம் ஜூலையில் எங்கள் கல்லூரிக்கு வளாக நேர்காணல் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கை குலுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தி 'குறை' சொன்னார். என் முறை வந்தது. "பதில் எல்லாம் ஓ.கே. முடியை மட்டும் ஸ்ட்ரைட்டன் பண்ணிட்டு வாங்கம்மா. இப்படி வந்தா ஒழுங்கில்லாத ஆள் மாதிரி தெரியும்" என்றார். அறுபது பேர் முன்னால். அன்று காலை பஸ்ஸுக்காகச் சாரலில் இருபது நிமிடம் நின்றிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே ஒரு பியூட்டி பார்லருக்குப் போய் விசாரித்தேன். "உனக்கு நல்ல அடர்த்தி பிள்ள, நாலாயிரத்து ஐநூறு ஆவும்" என்றார் அந்த அக்கா. வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து சுருட்டி வைத்த பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "வேலைக்குத்தானட்டி கேக்கா. போய்ப் பண்ணிக்கோ" என்றார்.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். தென்காசி மாவட்டத்தில் எங்கள் தெரு மாதிரித் தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், காலையிலிருந்து ராத்திரி வரை விரல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாலாயிரத்து ஐநூறு, அம்மாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதச் சுற்றுக்கூலி. ஒரு மாதம் அவர் முதுகு வளைந்தால் என் முடி நிமிரும். கணக்கு அதுதான். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

செலவு பண்ணுவதற்கு முன்னால் எதற்குச் செலவு பண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையின் முதல் பாடம். அதனால் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். வேதியியல் படிக்கும் தோழி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் கேட்டதும் நானே தேடிப் படித்ததும்தான் இனிமேல் வருவது.

முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அதன் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிடிப்புகளில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று கந்தகத்தால் ஆன டைசல்பைடு பிணைப்பு. அது பலமானது, தண்ணீருக்கு அசையாது. இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அது தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காய்ந்ததும் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்தலையோடு சடை பின்னிப் படுத்தால் காலையில் அவிழ்க்கும்போது வளைவு வளைவாக இருக்கிறதே, அது இந்த ஹைட்ரஜன் பிணைப்பின் வேலைதான்.

சாரல் காலத்தில் என்ன நடக்கிறது? காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. முடி அதைக் குடிக்கிறது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை முடியால் இழுத்துக்கொள்ள முடியும். குடித்ததும் இழை பருக்கிறது. காய்ந்தபோது பிடித்து வைத்திருந்த பிணைப்புகள் அங்கங்கே விடுகின்றன. ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு விதமாகத் திரும்புகிறது. காலையில் கொத்தாகச் சேர்ந்திருந்த அலை, பத்து மணிக்குள் பத்தாயிரம் தனித்தனி முடியாகப் பிரிந்து நிற்கிறது. பரட்டை ரெடி.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1783-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற விஞ்ஞானி, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கும் தன் கருவியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கருவிக்குள் இருந்தது மனிதத் தலைமுடி! முழுக்க வறண்ட காற்றிலிருந்து முழு ஈரக்காற்றுக்கு வரும்போது முடி 2 முதல் 2.5 சதவீதம் வரை நீளும். அந்த நீட்சியை ஒரு முள் காட்டும். பிற்காலத்தில் வானிலை நிலையங்களிலும் முடி வைத்த ஈரமானிகளைப் பயன்படுத்தினார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. ஒரு விஞ்ஞானி நம்பிக் கருவிக்குள் வைத்த பொருள் என் தலையில் இருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைப் போய் ஒழுங்கில்லை என்று சொல்லிவிட்டார்களே!

இங்கே இன்னொரு விஷயம். முடியின் மேல்பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி செதில் செதிலாக இருக்கும். ஓடு படிந்திருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே போகும். சூடு போட்டு, காய்ந்த தலையில் சீப்பை இழுத்து, முரட்டுத் துண்டால் அடித்து உதறி ஓட்டைத் தூக்கிவிட்டால் விறுவிறுவென்று போகும். அதாவது வறண்டு சேதமான முடிதான் சாரலில் அதிகமாகக் கிளம்பும். வெளியே ஈரம் நிறைய இருக்கிறது, அதனால் முடிக்கு ஈரம் தேவையில்லை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தலைகீழ்.

ஆக, என் கட்சி இதுதான்: ஈரக்காற்றோடு சண்டை போட்டு முடியை நிமிர்த்த வேண்டாம். காற்று வந்து கொடுப்பதற்கு முன்னால் நாமே முடிக்குத் தண்ணீர் கொடுத்து, அலையாகச் சேர்த்து, அப்படியே காயவிட்டு, மேலே ஒரு மெல்லிய படலத்தால் பூட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு நாலாயிரத்து ஐநூறு வேண்டாம்.

எப்படி என்று கேட்பவர்களுக்கு, இரண்டு சீசனாக நான் செய்துவருவதைச் சொல்கிறேன்.

1. எண்ணெய். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய், முடி நீளத்துக்கு மட்டும். 2003-இல் மும்பையில் ஒரு ஆய்வு செய்தார்கள். மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சின்னது, நேரானது, அதனால் முடிக்குள் நுழைய முடிகிறது என்று காரணம் சொன்னார்கள். (ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்காரர்கள். தணிக்கை படிக்கிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.) பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊற வைக்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது சாப்பாடு.

2. குளியல். சீயக்காயோ மென்மையான ஷாம்புவோ, தலைத்தோலுக்கு மட்டும். நுரை வழிந்து வருவதே மிச்ச நீளத்துக்குப் போதும். துணி துவைக்கிற மாதிரி மொத்த முடியையும் உச்சியில் குவித்துக் கசக்கக் கூடாது.

3. சிக்கெடுப்பது. கண்டிஷனர் போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போது, முதலில் விரலாலும் அப்புறம் பெரிய பல் சீப்பாலும், நுனியிலிருந்து மேலே. இதுதான் சீப்பு படும் ஒரே நேரம். காய்ந்த அலைமுடியில் சீப்பு பட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது.

4. பூட்டு. இதற்குக் கடையில் ஜெல் விற்கிறார்கள். நான் வாங்குவது நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை. இரண்டு மேசைக்கரண்டி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிளறிக்கொண்டே கொதிக்க விட்டால், ஏழெட்டு நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வரும். சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டிவிடுங்கள், ஆறினால் வடியாது (அனுபவம்!). ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். ஈரத்தலையைக் குனிந்து தொங்கவிட்டு, இந்தக் குழம்பைத் தடவி, முடியை நுனியிலிருந்து உள்ளங்கையில் ஏந்தி மேலே அமுக்க வேண்டும். சளக் சளக் என்று சத்தம் வரும். அப்போதுதான் அலைகள் சேரும்.

காய்ந்ததும் முடி மொறமொறவென்று இருக்கும். பயப்படாதீர்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை முதலில் விறைப்பாக நிற்கும் அல்லவா, அதே மாதிரிதான். கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து லேசாகக் கசக்கினால் விறைப்பு போகும், வடிவம் நிற்கும்.

5. துவட்டல். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு மைக்ரோஃபைபர் துண்டு, பழைய பனியன் என்று சொல்கிறார்கள். நம்மிடம் ஈரிழைத் துண்டு இருக்கிறதே! தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஃபேன் காற்றில் முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். சாரல் நாளில் இது ரொம்ப நேரம் எடுக்கும். அதனால் எனக்குத் தலைக்குளியல் முந்தின நாள் சாயந்தரம்தான். ஈரமாகக் கொண்டை போட்டு மூடி வைத்தால் வாடை வரும், அரிக்கும்.

6. ராத்திரி. உச்சியில் தளர்வாக ஒரு முடிச்சு. தலையணைக்கு ஆச்சியின் கிழிந்த பட்டுச் சேலைத் துணி. உரசல் குறையும்.

கடை ஜெல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கத்தில் பொருள் பட்டியலைப் பாருங்கள். கிளிசரின் முதல் நான்கைந்து பெயருக்குள் இருந்தால் சாரல் காலத்தில் யோசித்து வாங்குங்கள். கிளிசரினின் குணமே காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. நாம் தடுக்கப் பார்க்கும் ஈரத்தை அது விருந்துக்குக் கூப்பிடும். என் தலையில் அப்படித்தான் ஆனது.

அருவிக்குப் போகும்போது இந்த வித்தை எதுவும் வேண்டாம். இறுக்கமாக ஒரு சடை போதும். பேரருவியின் அடியில் எந்த அலையும் நிற்காது, சிக்குதான் விழும். அங்கே போய் ஷாம்பு பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குற்றால அருவிகளில் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-இல் தடை போட்டது. நம் தலை அழகுக்கு அந்தத் தண்ணீர் நுரை தள்ள வேண்டாம். அது கீழே சிற்றாறாக ஓடி வயலுக்குப் போகிற தண்ணீர்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

ஷாம்பு, கண்டிஷனர், ஆளி விதை, எண்ணெய் எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 120 ரூபாய் தாண்டுவதில்லை. நாலாயிரத்து ஐநூறு ரூபாயில் மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டலாம். "ஸ்ட்ரைட்டனிங் ஒரு தடவை செலவுதானே, மூலதனச் செலவு மாதிரி" என்று ஒரு தோழி வாதாடினாள். இல்லை. முடி மாதம் ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடவே வளர்கிறது. வேரிலிருந்து வருவது அலையாகத்தான் வரும். ஆறு மாதத்தில் மேலே அலை, கீழே கோரை என்று இரண்டு மாநிலமாகத் தலை பிரிந்து நிற்கும். மறுபடி பார்லர். இது மூலதனச் செலவு வேஷம் போட்ட தொடர் செலவு. தேய்மானம் போட்டுப் பார்த்தேன், அதுவும் நேர்கோட்டு முறையில்தான் வருகிறது :-)

தேய்மானம் பணத்துக்கு மட்டும் இல்லை. நிரந்தரமாக நேராக்கும் முறைகளில் அந்தப் பலமான டைசல்பைடு பிணைப்பையே உடைத்து மாற்றுகிறார்கள். 'கெராட்டின் ட்ரீட்மென்ட்' என்று சொல்லப்படும் சிலவற்றில் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிவரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது இல்லை. முடி நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் ஒரு இளம்பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பற்றி 2024-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் பார்லர் அக்காவிடம் எந்த டப்பா, அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தலையைக் கொடுக்காதீர்கள்.

தலைமுடி வியாபாரத்தில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஷாம்பு என்றால் பணக்காரர்களுக்கு என்று இருந்த காலத்தில், அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுவந்தவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் 'சிக்' ஷாம்பு. காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அவர் செய்த திட்டம் எங்கள் சந்தையியல் வகுப்பில் பாடம். ஒரு ரூபாய் வைத்திருப்பவனும் வாடிக்கையாளர்தான் என்று பார்த்த வியாபாரம் அது. நீ இருக்கிற மாதிரி இருந்தால் போதாது, ஆயிரக்கணக்கில் கொண்டுவா என்று சொல்வதும் வியாபாரம்தான். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு வேடிக்கை. தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று ஒரு வரி வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. சேலம் கலால் ஆணையர் தரப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. சின்ன பாட்டிலில் அடைத்து விற்பதாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடமே, 2025 செப்டம்பர் 22 முதல், தலை எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. எங்கள் வீட்டில் இந்தக் குழப்பம் என்றைக்குமே இருந்ததில்லை. ஒரே பாட்டில்தான். காலையில் அவியலுக்கு, சாயந்தரம் தலைக்கு.

இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னபோது சிரித்தார். "இதைத்தானட்டி நாங்க எண்ணெய் வச்சு சடை போட்டு செஞ்சோம்" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். ஈரம் புகாமல் எண்ணெய், இழை பிரியாமல் சடை. சாரல் ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு அது. ஆனால் ஆச்சி சொல்வது எல்லாமே சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். ஈரமுடியைத் துண்டால் அடித்து உதறுவதும், காய்ந்த தலையில் பேன் சீப்பை இழுப்பதும் ஆச்சி காலத்து வேலைதான். அதில் நான் கட்சி மாறிவிட்டேன்.

அப்புறம், நடு முடிக்குப் பெயர் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? தமிழம்மாவிடம் கேட்டேன். 'அறல்' என்று ஒரு சொல் இருக்கிறதாம். ஆறு ஓடி வற்றிய இடத்தில் கருமணலில் வரி வரியாக அலை படிந்திருக்கும் பாருங்கள், அதுதான் அறல். பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் பாடினியின் கூந்தலுக்கு அந்த அறலைத்தான் உவமை சொல்லியிருக்கிறார்கள். அதாவது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் அழகு என்று பாடப்பட்டது அலைமுடி! சிற்றாற்று மணலை நான் எத்தனையோ தடவை மிதித்திருக்கிறேன். காலடியில் என் முடி கிடந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நேரான முடி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரவர் தலை, அவரவர் காசு. பிடித்துச் செய்வது வேறு, பயந்து செய்வது வேறு என்பதுதான் என் வாதம். நான் அன்று பார்லருக்குப் போனது பயந்துதான். 'ஒழுங்கு' என்ற சொல்லுக்குக் கோரை முடி என்று அர்த்தம் வைத்தது யார்? நேரத்துக்கு வருவது ஒழுங்கு, கணக்கைச் சரியாக எழுதுவது ஒழுங்கு. சுத்தமாக வாரி முடிந்த தலை எந்த வடிவில் இருந்தாலும் ஒழுங்குதான். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தை, ஏதோ ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்க் கை வைக்கிறது.

பணத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். "ஏன்டி, வேலை வேண்டாமா?" என்று கேட்டார். "முடியைப் பாத்து குடுக்கிற வேலையா இருந்தா முடி கொட்டினா எடுத்துருவாங்கம்மா" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பணம் தங்கச்சியின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போனது.

நேர்காணல் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? அலைமுடியைப் பின்னால் சேர்த்துக் கிளிப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கும் சாரல்தான். அலை அப்படியே நின்றது. வேலை கிடைக்கவில்லை. முடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒத்திவைக்கப்பட்ட வரி பற்றிக் கேட்டார்கள், திருதிருவென்று முழித்தேன். அந்த ஒரு வாரம் பார்லருக்கு அலைந்த நேரத்தில் அந்தப் பாடத்தைப் படித்திருக்கலாம். இப்போது படித்துவிட்டேன். அடுத்த நேர்காணல் வருகிற மாதம்.

பி.கு.: தங்கச்சிக்கும் என் மாதிரியே முடி. கல்லூரி முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று "அக்கா, பரட்டையா இருக்கா?" என்று கேட்டாள். "பரட்டை இல்லட்டி, அறல்" என்று சொல்லி அனுப்பினேன். பஸ்ஸில் போய் எல்லோரிடமும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாளாம் :-)